சரிவு நிலத்தில் வீடு: லேண்ட்ஸ்கேப் ஆளை எப்போது கூப்பிடுவது?

கோத்தகிரி பக்கம் 20 சென்ட் சரிவு நிலம் வாங்கியிருப்பதாகவும், வீடு கட்டி முடித்தபின் தோட்டம் போட லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். பெரும்பாலோர் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் எங்களைத் தேடுகிறார்கள். அதற்குள் சரிவை வெட்டி, மண்ணைக் கீழே தள்ளி, சுவரையும் எழுப்பியிருப்பார்கள். அப்போது பூச்செடி வைப்பதைத் தவிர எங்களால் அதிகம் செய்ய முடியாது. மலையில் எங்கள் வேலை முக்கால்வாசி தண்ணீரோடுதான். செடியெல்லாம் அப்புறம்.

2009 நவம்பர் 10 அன்று நம் நீலகிரி மாவட்டம் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்தச் சமயத்து மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மழை உங்கள் 20 சென்டில் பெய்தால் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் போட்டால் 55 லாரி. மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருவது தனி. இவ்வளவும் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு இடம் குறிக்க வேண்டும்.

அதற்கு முதலில் காண்டூர் சர்வே எடுங்கள்; ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் அளவை அது. அரை மீட்டர் உயர இடைவெளியில் கோடுகள் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அந்தக் கோடுகள் மேட்டுப் பக்கமாக வளைந்து உள்ளே போகிற இடம்தான் தண்ணீர் வழி. வெயில் காலத்தில் பார்த்தால் பச்சைப் புல்லாக, கொஞ்சம் தாழ்வாக, அழகாக இருக்கும். மற்ற இடத்தைவிடச் சமமாகவும் இருப்பதால் எல்லோருக்கும் அங்கேயே வீடு கட்டத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய ஹட்டிகளை, அதாவது படுகர் ஊர்களை, போய்ப் பாருங்கள்: மேட்டில் வரிசை வரிசையாக வீடுகள், ஓடையும் ஊற்றும் கீழே பள்ளத்தில். காண்டூர் வரைபடம் இல்லாத காலத்தில் அமைந்த ஊர்கள் அவை.

அடுத்தது மண் வெட்டுவது. நம் மலையில் சார்னோகைட் பாறை மக்கி, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது நேராக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஊறினால் கனம் கூடி, பிடிப்பு விட்டு, மொத்தமாக வழுக்கும். அதனால் நான்கு மீட்டர் வெட்டி ஒரே தளமாக்குவதைவிட, ஒரு மீட்டர் அளவில் படிப்படியாக இறங்கும் வீடு நல்லது. வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளி அதன்மேல் முற்றம் போடுவது இன்னும் ஆபத்து.

தடுப்புச் சுவர் பற்றி என் தவறிலிருந்தே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், குன்னூர் பக்கம் மூன்று மீட்டர் உயரக் கருங்கல் சுவர். வரைபடத்தில் வடிகால் துளைகள் போட்டிருந்தேன், பின்பக்கம் ஜல்லி நிரப்பவும் எழுதியிருந்தேன். நிரப்பும்போது நான் தளத்தில் இல்லை. ஜல்லிக்குப் பதில் வெட்டிய செம்மண்ணையே கொட்டி மூடிவிட்டார்கள். முதல் ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தால் துளைகளில் ஒரு சொட்டு வரவில்லை. நடுவில் ஒரு விரிசல், அதிலிருந்து மட்டும் செந்நிறத் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நூல் பிடித்துப் பார்த்ததில் சுவர் நான்கு விரல் அளவு வயிறு தள்ளியிருந்தது. அந்த வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அன்று இரவே அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பினோம். சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். இன்றும் ஜல்லி இறங்கும் நாளில் நான் தளத்தை விட்டு நகர்வதில்லை.

மூன்று மீட்டர் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே நாலரை டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். ஆகவே சுவருக்குப் பின்னால் ஒரு அடி ஜல்லி, மண் அடைக்காமலிருக்க வடிகட்டித் துணி, சுவருக்கு மேலே குறுக்கே ஒரு வாய்க்கால். கழிவுநீர்க் குழியைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைக்கவே கூடாது. நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. பொக்லைன் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செடிக்கு வந்தால், கிளறிய மண்ணை ஒரு பருவம்கூட வெறுமையாக விடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் சீகை (வாட்டில்) மர விதை உடனே முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சரிவைப் பிடிக்க வெட்டிவேர் நல்லதுதான், ஆனால் உறைபனி விழும் பள்ளத்தில் கருகும். அங்கே நம் ஊர்ப் புல்லும் பெரணியும் போதும். நடுவே சோலை மரக் கன்றுகள் மெதுவாக வரட்டும்.

இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை என்றால், இந்த ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் குடையோடு போய் நிலத்தில் நில்லுங்கள். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் மூங்கில் குச்சி நட்டுவிட்டு வாருங்கள். சர்வேயர் வரும்போது அந்தக் குச்சிகளையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.