விநாடிக்கு 2,000 அளவீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். இயந்திரங்களில் 200 சென்சார்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு 10 முறை அதிர்வையோ வெப்பத்தையோ அனுப்பும். எல்லாம் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் ஒரே டேபிளுக்குள் போகிறது. ஒன்றுகூடத் தொலையக்கூடாது என்று தனித்தனி இன்ஸர்ட் (ரெக்கார்டைச் சேர்ப்பது), தனித்தனி கமிட் (சேர்த்ததை உறுதி செய்வது). ஐந்தாம் நாளே திணறல். பழையதை டெலீட் செய்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லை. இப்படி டேபிள்களில் சேமிக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ் இதற்குச் சரிப்படாது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாற்ற வேண்டாம். விநாடிக்கு 2,000 எல்லாம் போஸ்ட்கிரஸ்ஸுக்குப் பெரிய சுமை இல்லை.

உங்கள் கணக்கில் நாளுக்கு 17.28 கோடி ரெக்கார்டு. ஒவ்வொன்றுக்கும் தரும் ஐடி சாதாரண சீரியலாக (தானாக ஏறும் எண்ணாக) இருந்தால் சுமார் 214 கோடியோடு எண் தீர்ந்து, பதின்மூன்றாம் நாள் இன்ஸர்ட் நின்றுவிடும். இன்னும் பெரிய எண் வரை போகும் பிக்சீரியல் போட்டுத் தப்பலாம்தான். ஆனால் அந்த ஐடி எதற்கு? சென்சார் எண்ணும் நேரமும் சேர்ந்தாலே போதும், அதையே பிரைமரி கீ (ஒரு ரெக்கார்டைத் தனித்து அடையாளம் காட்டுவது) ஆக்குங்கள்.

தனித்தனி கமிட்தான் பெரிய வினை. ஒவ்வொரு கமிட்டும் லாக் (மாற்றங்களின் பதிவேடு) டிஸ்க்கில் ஏறும்வரை காத்திருக்கும்; ஒரு டிரான்சாக்ஷன் எண்ணையும் விழுங்கும். இயல்பான அமைப்பில் 20 கோடி எண் கடந்தால் ஆட்டோவேக்யூம் என்ற தானியங்கித் துப்புரவு கட்டாயமாக டேபிளில் இறங்கும். உங்களுக்கு அது ஏறக்குறைய தினசரி வேலை. சென்சார்கள் தருவதை வாங்கி அனுப்பும் கேட்வேயில் ஒரு விநாடிக்கானதைச் சேர்த்து ஒரே இன்ஸர்ட்டாக அனுப்புங்கள். (எழுதியது டிஸ்க்கில் ஏறியதை உறுதிசெய்யும் எஃப்சிங்கை அணைத்தால் வேகம் வரும் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

தொலையாமல் இருக்க வழி வேறு. கமிட் ஆனதாகப் பதில் வரும்வரை கேட்வே தன்னிடம் எழுதி வைத்திருக்கட்டும், வராவிட்டால் மறுபடி அனுப்பட்டும். ஏற்கெனவே ஏறியிருந்தால் இன்ஸர்ட்டோடு சேர்க்கும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ என்ற கட்டளை இரண்டாவதைத் தள்ளிவிடும். ஆனால் நேரத்தை அளந்த இடத்திலேயே பதிய வேண்டும். சர்வரில் பதிந்தால் மறுபடி வருவது புது நேரத்தோடு வரும், கீ ஏமாந்துபோய் ஒரே அளவீடு இரண்டு முறை ஏறிவிடும்.

அப்புறம் டெலீட். அது ரெக்கார்டைச் செத்ததாகக் குறிக்கும், அவ்வளவுதான். வேக்யூம் மீட்கும் இடமும் பெரும்பாலும் அதே டேபிளுக்கே. நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் தனிப் பகுதி) வைத்துப் பழையதை முழுதாக டிராப் செய்யுங்கள், கோப்பே போய்விடும். அடுத்த வாரத்துக்கான பார்ட்டிஷன்களை முன்கூட்டியே உருவாக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையும் வேண்டும். அது ஓடாமல் போனால் நள்ளிரவு 12 மணிக்கு இன்ஸர்ட் பிழை அடித்து உங்களுக்கு போன் வரும். யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் பிரித்திருந்தால் காலை ஐந்தரைக்கு.