நடு வயதில் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவை பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களின் கேள்விகள். மலேசியாவில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து, இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருப்பவர்கள். "என் வாழ்க்கை நல்லா இருக்கா, இல்லையா?" என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: வேலையிடத்தில் ஐந்து வரிகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 35க்கு 18தான் வந்தது. நான் வாழ்க்கையில் தோற்றுவிட்டேனா? (பெண், வயது 47)

இல்லை சகோதரி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது உளவியலாளர் எட் டீனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோல். ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 7 வரை போடலாம். நடுப்புள்ளி 20. 15 முதல் 19 வரை வந்தால் திருப்தி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதில் பாஸ், பெயில் எல்லாம் கிடையாது.

மொத்தத்தை விடுங்கள், எந்த வரி இழுத்திருக்கிறது என்று பாருங்கள். முதல் நான்கு வரிகளுக்கும் 4 போட்டிருக்கிறீர்கள். கடைசி வரிக்கு மட்டும் 2. மறுபடி வாழக் கிடைத்தாலும் ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன் என்பதுதான் அந்த வரி. தோட்டத்தில் வளர்ந்த பெண்கள் பலருக்கு அங்கேதான் பேனா நிற்கும். அம்மா இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். நீங்களும் மூன்றாம் படிவத்தோடு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 2 இன்றைய வாழ்க்கையின் குறை இல்லை. பதினைந்து வயதில் உங்களைக் கேட்காமலே எடுத்த ஒரு முடிவின் வலி. அந்த வலி நியாயமானது, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதற்காக இன்றைய நாளைக் குறைத்துப் போடாதீர்கள்.

இன்றைய வாழ்க்கையைத் தனியாக எடுத்து, உடம்பு, வீட்டு உறவு, பணம், வேலை, உங்களுக்கென்று ஒரு நேரம் என்று பிரித்து எழுதுங்கள். எது இடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். படிக்கும் ஆசை இன்னும் இருந்தால், எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வைத் தனிப்பட்ட முறையில் எழுத வழி இருக்கிறது. அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: தோட்டம் கைமாறி நாங்கள் வெளியேறிப் பல வருடம் ஆகிறது. இப்போது பாதுகாவலர் வேலை. அப்பாவை நினைத்தால் நான் எங்கேயோ இருக்கிறேன். ஷா ஆலத்தில் இருக்கும் பங்காளியைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எதை வைத்து அளப்பது? (ஆண், வயது 52)

இரண்டையும் வைக்காதீர்கள் ஐயா. ஹாட்லி கான்ட்ரில் என்ற உளவியலாளர் 1965இல் ஓர் ஏணியை முன்வைத்தார். அடியில் 0, உச்சியில் 10. உச்சிப் படி என்பது உங்களுக்கு அமையக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை, பங்காளியுடையது இல்லை. உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

எண் போடுவதற்கு முன்னால் அந்த உச்சியில் என்ன இருக்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். கடன் இல்லாத வீடா? பெண் கல்யாணமா? முட்டிவலி இல்லாத நடையா? அப்புறம், ஐந்து வருடத்துக்கு முன்னால் எந்தப் படியில் இருந்தீர்கள், இன்னும் ஐந்து வருடத்தில் எந்தப் படியில் இருப்பீர்கள் என்றும் போட்டுப் பாருங்கள். ஒற்றை எண்ணைவிட இந்த மூன்றும் சேர்ந்து நிறையச் சொல்லும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. "லயத்தில் இருந்தப்போ காசு இல்லை, ஆனா மனசு நல்லா இருந்துச்சு." இதை வெறும் பழைய நினைப்பு என்று நான் தள்ள மாட்டேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சாவு வீட்டில் யார் அரிசி கொண்டுவருவது என்று யாரும் கேட்டதில்லை. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. முதுமையில் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதற்கும் நெருக்கமான உறவுகளுக்கும் பலமான தொடர்பு உண்டு என்பதைத்தான் அது திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஆகவே நீங்கள் இழந்தது நிஜமான ஒன்று, சம்பளம் கூடியதால் மட்டும் அது ஈடாகாது. பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் ஆட்கள் கூடுகிறார்கள் என்றால், கூழ் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பாமல் வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை பார்த்துப் பேச இரண்டு பேரையாவது பிடித்து வையுங்கள்.

கேள்வி: எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் இல்லை, எப்போதும் அசதி. வயதானால் இப்படித்தானா? (பெண், வயது 50)

வயதின் மேல் பழி போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கும்: உற்சாகமாக இருந்தீர்களா, அமைதியாக இருந்தீர்களா, சுறுசுறுப்பு இருந்ததா, எழுந்தபோது உடம்பு தெளிவாக இருந்ததா, பிடித்த விஷயங்கள் நாளில் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 25இல் 13க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

அதோடு நிறுத்தாமல் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் பருவம், எல்லாமே இதே அசதியைத் தரும். இரத்தத்தைச் சோதிக்காமல் மனசு என்றும் சொல்ல முடியாது, உடம்பு என்றும் சொல்ல முடியாது. அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருந்தால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

செத்தால் தேவலை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: நாற்பத்தெட்டு வயதில் எல்லாருக்குமே மகிழ்ச்சி குறையுமாமே? (ஆண், வயது 44)

பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் திருப்தி நடு வயதில் தாழ்ந்து பிறகு ஏறுவதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் பிளாஞ்ச்பிளவரும் ஆஸ்வால்டும் 2008இல் எழுதினார்கள். எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. அதுவும் சராசரிதான், உங்கள் ஜாதகம் இல்லை.

கேள்வி: என் கணவருக்கு 55. சேமநிதிப் பணத்தை எடுத்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறார். அவர் மனத்தை எப்படி அறிவது?

அவருக்காக நீங்கள் தாளை நிரப்ப முடியாது அம்மா. ஆனால் பார்க்க முடியும். முன்பு விரும்பிச் செய்த எதை விட்டுவிட்டார்? சாப்பாடும் தூக்கமும் மாறியிருக்கிறதா? குடி கூடியிருக்கிறதா? எடுத்த பணம் எங்கே போனது என்பது உங்கள் இருவருக்கும் தெரியுமா? கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். அந்த வயதில் மௌனத்துக்குப் பின்னால் கடனோ, யாருக்கோ கொடுத்து ஏமாந்ததோ இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதிரே உட்கார வைத்துக் கேட்டால் "ஒண்ணுமில்லை"தான் வரும். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது கேளுங்கள். "ஏன் இப்படி இருக்கீங்க" வேண்டாம். "முன்ன மாதிரி பந்து பார்க்கப் போறதில்லையே, ஏன்?" என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை ரேடியோவைப் போடாமல் இருங்கள். இரண்டு வாரம் பார்த்தும் மாற்றமில்லை என்றால், இரத்த அழுத்தம் பார்க்கலாம் என்று சொல்லிக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் நீங்கள் கவனித்ததை அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.