ரெட்ரோ அமெரிக்க டைனர் என்றால் என்ன? அதன் மேல் ஏன் இத்தனை ஏக்கம்?

டைனர் என்பது அமெரிக்காவின் எளிய சாப்பாட்டுக் கடை. 1872இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் இரவுச் சாப்பாடு விற்றதுதான் இதன் தொடக்கம் என்பார்கள். 1950களில் அந்தக் கடைகள் இருந்த கோலத்தைப் பிற்காலத்தில் அப்படியே திரும்பக் கட்டினால் அது ரெட்ரோ டைனர். 1986இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்த ஜானி ராக்கெட்ஸ் என்ற உணவகத் தொடர் நல்ல உதாரணம்.

சரி, ஏன் ஈர்க்கிறது? இரண்டாம் உலகப் போர் முடிந்து, கையில் காசும் வாசலில் காரும் வந்த காலத்தின் அடையாளம் அது. சிவப்பு வினைல் உறை போட்ட சுழல் ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணெதிரே முட்டை பொரியும். கனத்த பீங்கான் கோப்பையில் காபி குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தனியாக வந்தவருக்கும் அங்கே தனிமை தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்ததும் அந்த வருடமே மனதில் வந்து நிற்குமே, அப்படித்தான் இந்த இடமும். ஆனால் அதே காலத்தில் தென் மாநிலங்களில் இப்படிப்பட்ட சாப்பாட்டுக் கவுண்டர்களில் கறுப்பின மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதை மறக்கக் கூடாது.

அப்புறம், டைனர்கள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படியல்ல, லாரியிலோ ரயிலிலோ கொண்டுபோக வசதியாக அந்த நீள வடிவத்தில் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை.