படைவீரரின் முகநூல் கணக்கு: வழக்குப் போட்டால் வெல்ல முடியுமா?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறேன். முகநூல் கணக்கை அடியோடு நீக்கும்படி யூனிட்டில் உத்தரவு. பல ஆண்டுப் படங்களும் பழைய நண்பர்களும் அதில்தான். மனைவியின் கணக்கையும் நீக்கச் சொல்கிறார் ஓர் அதிகாரி. உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: உங்கள் கணக்குக்காகப் போகாதீர்கள். மனைவியின் விஷயம் வேறு.

2020 ஜூனில் ராணுவம் தன் படையினருக்கு முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். அரசியல் சட்டப் பிரிவு 33-இன்படி, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டும். சுற்றறிக்கை போதாது என்பது அவர் வாதம். எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமல்ல. ராணுவச் சட்டம், 1950-இன் பிரிவு 21, சங்கம் சேர்வது, கூட்டங்களில் பங்கேற்பது, பத்திரிகைகளுக்குச் செய்தி தருவது, எழுதி வெளியிடுவது ஆகியவற்றைத்தான் சொல்கிறது. சும்மா ஒரு கணக்கு வைத்திருப்பது இதில் எங்கே வரும்? ஆனால் நீதிமன்றம் அசையவில்லை. கணக்கை நீக்கிவிட்டுப் பின்னர் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம், உத்தரவு ஒத்துவராவிட்டால் பதவி விலகலாம் என்று விசாரணையின்போதே நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2020 ஆகஸ்ட் 5 அன்று மனு தள்ளுபடியானது. தேசப் பாதுகாப்பு என்ற சொல் வந்துவிட்டால் நீதிமன்றங்கள் எட்டி நிற்கும். இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது நடைமுறை.

உத்தரவை மீறினால் ராணுவச் சட்டப் பிரிவு 41 பாயும். தண்டனை சிறைவரை போகலாம். படங்களைப் பதிவிறக்கிக்கொண்டு கணக்கை நீக்குங்கள். தடைசெய்யப்பட்ட செயலிகளின் பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் இப்போதைய உத்தரவை எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மனைவி ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர் அல்லர். அவர் கணக்கை நீக்கச் சொல்ல அந்தச் சட்டம் எந்த அதிகாரிக்கும் அதிகாரம் தரவில்லை. ஆனால் சீருடைப் படம், முகாம் இருக்குமிடம், நீங்கள் இடம் மாறும் தேதி எதையும் அவர் பதிவிட வேண்டாம். விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அவர் கணக்கைக் காரணம் காட்டி உங்கள் மீது நடவடிக்கை எடுத்தால், ராணுவச் சட்டப் பிரிவு 26-இன்படி கம்பெனி கமாண்டரிடம் எழுத்துமூலம் முறையிட்டு, படிப்படியாக மேலே செல்லுங்கள். ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. முறையீட்டு நகலையும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் பத்திரமாக வைத்திருங்கள்.