தண்ணீர்த் தொட்டியில் தொடங்குங்கள்

கேள்வி: நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவன். பருவநிலை மாற்றத்துக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய ஆசை. அதற்கு வானிலை, புள்ளியியல், மருத்துவம் எல்லாம் தெரிய வேண்டும், முதுகலை முடித்துவிட்டு வா என்கிறார்கள். இப்போதே தொடங்க முடியாதா ஐயா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக முடியும் தம்பி. எல்லாம் ஒருவருக்கே தெரிய வேண்டியதில்லை. நான் பாடம் எடுத்த கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கும் புள்ளியியல் வகுப்புக்கும் நடுவே ஒரு வராந்தாதான். அதைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம். நீங்கள் தாண்டுங்கள். புள்ளியியல் மாணவர் ஒருவர், தமிழ் மாணவர் ஒருவர், நீங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் தெருவில் டெங்கு கூடுவது மழை பெய்தாலா, குழாயில் தண்ணீர் வராவிட்டாலா?

நம் பக்கம் இரண்டுக்கும் இடமுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சிரட்டையிலும் பழைய டயரிலும் மழைத் தண்ணீர் நிற்கும். கோடையில் அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டி என்று நாமே நிறைத்து வைப்போம். தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். நிழல் பட்டதும் கொசுப்புழுக்கள் நெளிந்து அடிக்குப் போகும். சற்றுப் பொறுத்தால் மேலே வந்து, வால் பக்கத்து மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மலேரியா பரப்பும் அனாபிலஸின் புழு என்றால் நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். தண்ணீருக்குச் சற்று மேலே, சுவரில் கறுப்புப் பொடியாக ஒட்டியிருப்பவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு ஏன் மூடி இல்லை என்பதை வீட்டுப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்கத்தான் தமிழ் மாணவர்.

புள்ளியியல் நண்பர் எதற்கு? முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அது நோயாளியைக் கடித்தபின், வைரஸ் கொசுவின் உடம்பில் பெருகிப் பரவ 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 நாள். வெப்பம் கூடக்கூட இந்த நாள் குறையும்; பருவநிலை நுழைவது இங்கேதான். அப்புறம் மனிதருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். ஆக, இந்த வார மழையை இந்த வாரக் காய்ச்சலோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. மூன்று வாரம், நான்கு வாரம், ஐந்து வாரம் என்று தள்ளித் தள்ளிப் பொருத்த வேண்டும்.

ஒரு மழைக்காலத்தை வைத்துப் பருவநிலையே மாறிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியதைப் பார்த்த நமக்குக் கை துறுதுறுக்கும்தான். ஆனால் பருவநிலைச் சராசரிக்கு 30 ஆண்டுக் கணக்கு வேண்டும். மழை அளவை வானிலைத் துறையிடம் கேளுங்கள். காய்ச்சல் கணக்குக்குக் கல்லூரிக் கடிதத்தோடு மாவட்டச் சுகாதார அலுவலகம் போங்கள். எண்ணிக்கை போதும், நோயாளி பெயர் வேண்டாம்.

இதில் மனம் ஊன்றிவிட்டால், புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. பற்றி விசாரியுங்கள்.