பறக்கும் மன்றத்துக்குப் பாதுகாப்பு மேலாண்மை: கேளுங்க, சொல்கிறேன்

பாராமோட்டரும் (முதுகில் எஞ்சின் கட்டி, பாராசூட் மாதிரித் துணி இறக்கையில் பறப்பது) மைக்ரோலைட்டும் (எடை குறைந்த சின்ன விமானம்) ஓட்டுகிற நம் மன்றத்தில் பாதுகாப்பு மேலாண்மை முறை கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் சும்மா இருக்கிறவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்டவர் பெயருக்குப் பதிலாக ஊரைப் போட்டிருக்கிறேன். லைசென்ஸ், இன்சூரன்ஸ் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, நாம் இருப்பதே பத்துப் பதினைந்து பேர். ஏர்லைன்ஸ் செய்கிறதெல்லாம் நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி தம்பி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் இதற்கென்றே 19ஆம் இணைப்பைக் கொண்டுவந்தது. கொள்கை, ஆபத்தைக் கண்டுபிடித்துக் குறைப்பது, குறைந்ததா என்று பார்ப்பது, எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது, இந்த நாலுதான் அதன் அடிப்படை. அமைப்பு எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்குச் செய்தால் போதும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்கு விமானிகளைத் தாங்களே நிர்வகிக்கிற சங்கங்களுக்கு 149ஆம் பகுதி என்று தனி விதியே இருக்கிறது, அதிலும் இந்த முறை உண்டு. ஆக, இது பெரிய ஆட்களுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்லை.

நம் ஊர்க் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலையாக நிற்கிறது. "காற்று அதிகமாக இருந்தால் பறக்கக் கூடாது" என்று நம் பழைய விதித்தாளில் ஒரு வரி இருக்கிறது, அது விதியே இல்லை. எவ்வளவு இருந்தால் அதிகம்? எங்கே நின்று அளப்பது? பனைமரக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கருவியைப் பிடித்தால் அது பொய்தான் சொல்லும், வெட்டவெளியில் ஓடுபாதை ஓரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். அளந்து பார்த்துவிட்டு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? அந்த எண்ணையும் அந்த ஆளின் பெயரையும் முந்தின வாரமே எழுதி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் காலை அஞ்சரைக்கு இறக்கையை விரித்துப் போட்டு, எஞ்சினையும் சூடாக்கி, மதுரையிலிருந்து வந்த விருந்தாளி செல்போனோடு நிற்கிற நேரத்தில் எவனுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

தென்காசி: படிவம் எங்கே கிடைக்கும்?

படிவம் வேண்டாம். இதையெல்லாம் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்.

கோவில்பட்டி: பங்க் பெட்ரோலே போதும்தானே?

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்தது. மைக்ரோலைட்டில் வருகிற ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பது பத்து வரைக்கும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டரில் உள்ள ரப்பரையும் ஒரு வழி பண்ணிவிடும். சந்தேகமா, அளவுக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கோடு போடுங்கள், மேலே பெட்ரோலை ஊற்றி மூடிக் குலுக்கி, தெளிய விடுங்கள். தண்ணீர் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறினால் ஏறின அளவுக்கு எத்தனால் இருக்கிறது. உங்கள் எஞ்சின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் வேதவாக்கு, பங்க்காரர் சொல்வது இல்லை.

அம்பாசமுத்திரம்: விபத்து நடந்தால் யார் மேல் கேஸ் வரும்?

வக்கீலைப் பாருங்கள்.

நாங்குநேரி: தவறு நடந்தால் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாமா?

போடலாம், ஆனால் இருக்கிற மூன்று மெஷினில் "மஞ்சள் இறக்கை" என்று எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதனால் பேர் இல்லாமல் எழுதச் சொல்வதைவிட, பேரை ஒருத்தர் மட்டும் தெரிந்துகொண்டு வெளியே விடாமல் இருப்பதுதான் நடக்கிற காரியம். அமெரிக்காவில் 1976இலிருந்து விமானிகள் தங்கள் தவறுகளை நாசாவுக்கு எழுதுகிறார்கள், தண்டிக்கிற அதிகாரமுள்ள விமானத் துறைக்கு இல்லை. நாசா பேரை எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டும். நம்மிடமும் பெட்டிச் சாவி தலைவரிடமோ பயிற்சியாளரிடமோ இருக்கக் கூடாது.

திசையன்விளை: அப்போ தலைவருக்கே தெரியாமல் நிர்வாகமா? நல்லா இருக்கு!

நடந்தது என்ன என்பது அவருக்குத் தெரியும், செய்தது யார் என்பதுதான் தெரியாது. இதில் என்ன குறைச்சல்?

ஆலங்குளம்: என் மச்சான் மேல் எழுதிவிட்டு நாளைக்குக் கல்யாண வீட்டில் எப்படி அண்ணாச்சி முகம் கொடுக்க?

மச்சான் மேல் ஏன் எழுதுகிறீர்? "இடது கராபினர் (இறக்கையை இருக்கையோடு மாட்டுகிற கொக்கி) பூட்டாமல் இருந்தது, ஓடுவதற்கு முன் பார்த்தோம்" என்று எழுதும். அடுத்த வாரம் இன்னொருத்தரும் அதையே எழுதினால், கோளாறு மச்சானிடம் இல்லை, சரிபார்க்கிற வரிசையில் இருக்கிறது என்று நமக்கே புரியும்.

திசையன்விளை: தண்ணியடித்துவிட்டுப் பறந்தவனுக்கும் இதே சலுகையா?

இல்லவே இல்லை. தெரிந்தே செய்கிறவனுக்கு இந்தக் குடைக்குள் இடம் கிடையாது, அன்றைக்கே மெஷின் சாவியைப் பிடுங்க வேண்டியதுதான்.

ஆலங்குளம்: அந்த எல்லைக்கோட்டை யார் போடுவது? தலைவர் ஆள் என்றால் தெரியாமல் செய்தது, நாம் என்றால் தெரிந்தே செய்ததா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் கேள்வி. அதே பயிற்சியுள்ள வேறொருவரை அதே இடத்தில் அதே காலையில் நிறுத்தினால் அவரும் அதைத்தான் செய்திருப்பாரா என்று பாருங்கள். ஆமாம் என்றால் முறையைத் திருத்துங்கள், ஆளைத் திட்டாதீர்கள். மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும், அதில் ஒருத்தராவது தலைவருக்குச் சொந்தமில்லாதவராக இருக்கட்டும். நம் மன்றத்தில் அப்படி ஆள் தேடுவது கஷ்டம்தான். இதைத் தீர்க்காமல் பெட்டியை வைத்தால் பல்லிதான் முட்டை போடும்.

திசையன்விளை: என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கே?

சவத்த விடுங்க. அடுத்தது.

சங்கரன்கோவில்: முந்நூறு சின்னத் தவறுக்கு ஒரு பெரிய விபத்தாமே?

1931இல் ஹெய்ன்ரிச் தொழிற்சாலைகளை வைத்துச் சொன்ன கணக்கு. அதைப் பற்றிப் பிறகு நிறையச் சர்ச்சை. எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

களக்காடு: அண்ணாச்சி, படிவம் லிங்க் ப்ளீஸ்.

மேலே தென்காசிக்காரருக்குச் சொன்னதைப் படியும்.

ராதாபுரம்: கூடங்குளம் கடற்கரையில் ஒரு சுற்று பறந்து வீடியோ எடுக்கலாமா?

அணு உலை ஒரு பக்கம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படை. அந்தப் பக்கம் ஆசையே வைக்காதீர்கள். நோட்டில் முதல் பக்கத்திலேயே வரைபடம் வரைந்து சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

கழுகுமலை: பெட்ரோலில் ஆயில் கலந்தால் எத்தனால் சரியாகிவிடுமா?

ஆகாது. பெட்ரோல் கேள்வியோடு இனி யாரும் வராதீர்கள், அடுத்த கூட்டத்துக்கு அளவுக் குழாயோடு வாருங்கள்.