டோக்கியோவில் செய்த பனி

கேள்வி: பனி மூடிய இரவில் ஜப்பானியச் சிப்பாய்கள் முகாமிட்டிருக்கும் மரக்கட்டை அச்சுப்படம் ஒன்றைப் பார்த்தேன். கொபயாஷி கியொச்சிகா, 1895 என்று போட்டிருந்தது. புகைப்படமே இல்லாத காலத்தில் ஓவியர் போர்முனைக்குப் போய் வரைந்திருக்கிறாரே, இதைவிட நேர்மையான ஆவணம் உண்டா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: படம் அழகானதுதான், சந்தேகமில்லை. மற்ற இரண்டும் தவறு. 1894-95 சீன-ஜப்பான் போரில் புகைப்படக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அன்றைய கேமராவுக்கு இருட்டில் கண் தெரியாது. பனியிரவைக் காட்ட மரக்கட்டைதான் வேண்டியிருந்தது. அப்புறம், கியொச்சிகா போர்முனைக்குப் போகவில்லை. போர்ப்படம் வரைந்த பெரும்பாலானவர்களைப் போல, ஊரில் இருந்தபடியே செய்தித்தாளில் வந்ததை வைத்து வரைந்தார். செய்தியின் சூடு ஆறுவதற்குள் படம் கடைக்கு வந்தாக வேண்டும்.

அந்த இரவு மட்டும் அவருடைய சொந்த இரவு. 1876 முதல் சில ஆண்டுகள் டோக்கியோவின் தெருவிளக்கு, நிலவு, தீ வெளிச்சம் என்று இருட்டையே தேடித் தேடி வரைந்தவர் அவர். அதை அப்படியே போர் நடந்த மஞ்சூரியாவுக்கு, அதாவது வடகிழக்குச் சீனாவுக்கு, கொண்டுபோய்விட்டார்.

பனியைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வண்ணமே கிடையாது. பனி தெரியவேண்டிய இடத்தில் செதுக்குபவர் கட்டையைக் குடைந்து எடுத்துவிடுவார். அங்கே சாயம் படாமல் வெறும் தாள் நிற்கும். அச்சடிப்பவர் சுற்றியுள்ள நீலத்தையும் சாம்பல் நிறத்தையும் கட்டையிலேயே ஈரம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மங்க வைப்பார். உங்களைக் குளிர வைத்தது பட்டறைக்காரர்களின் கைத்திறன்.

மஞ்சூரியாவின் நிஜக் குளிர் சிப்பாய்களின் விரல்களையும் பாதங்களையும் கருக வைத்தது. அந்தப் போரில் ஜப்பான் தரப்பில் குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் காலராவிலும் சீதபேதியிலும் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயிலும் இறந்தவர்கள் பல மடங்கு அதிகம். அதையெல்லாம் வரைந்தால் யார் வாங்குவார்கள்? வாங்கியவர்களுக்கு வேண்டியது குளிரை அசராமல் தாங்கி நிற்கும் ‘நம் படை’. அதைத்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

இதே போர்க்காலத்தில், இதே கியொச்சிகா சீனர்களைக் கேலி செய்து ஒரு சித்திர வரிசையே போட்டிருக்கிறார். ‘நூறு வெற்றி, நூறு சிரிப்பு’ என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்பு. நேர்மை பற்றி அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன், அதில் நாலு படத்தையாவது இந்தப் பனியிரவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.